பதினாறாவது கிலோவின் விலை

ஆரணிப் பட்டு வட்டாரத்தில் எடை விளையாட்டுக் காரியமல்ல. பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய நூலைத் தறிக்காரருக்கு நிறுத்துத்தான் கொடுப்பார்கள். நெய்த சேலை திரும்பி வரும்போதும் நிறுத்துத்தான் வாங்குவார்கள். ஜரிகைக்கு மார்க் கணக்கு. ஒரு மார்க் ஏறத்தாழ 242 கிராம். பட்டு ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், மழை நாளில் கைக்கு ஈரம் தெரியாமலேயே எடை கூடிவிடும். அதனால்தான் உலகப் பட்டுச் சந்தையில் 11 சதவீத ஈரம் இயல்பு என்று ஒரு வரம்பே வைத்திருக்கிறார்கள். இத்தனை நுணுக்கத்துக்கும் அடியில் இருப்பது ஓர் எளிய ஒழுங்கு: தராசில் ஏற்றுவதற்கு முன்பே கிராமுக்கு என்ன விலை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். தெள்ளாரிலோ ஆரணியிலோ பஸ் ஏறி, நூறு கிலோமீட்டர் சொச்சம் கடந்து மீனம்பாக்கம் விமான நிலையம் சேரும் பயணிக்கு அங்கே இன்னொரு தராசு காத்திருக்கிறது. அதற்கும் அரசு முத்திரை உண்டு, கிராம் சுத்தமாகக் காட்டும். ஆனால் அது காட்டும் எடைக்கு என்ன விலை என்பது எந்த நிறுவனத்தில், எந்த வகை டிக்கெட்டில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பணம் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். விமான லக்கேஜ் கட்டணத்தை எடைக்கான விலை என்று நம்புவதால்தான் அதைப் பற்றிய நம் கோபமும் சமாளிப்பும் இரண்டுமே தடம் மாறிப் போகின்றன. அதில் பெரும்பகுதி, விவரம் தாமதமாகத் தெரிந்துகொள்பவர் செலுத்தும் தண்டம்.

இந்தியாவில் இன்று உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் பரவலாக நடப்பில் இருக்கும் அளவு, விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் எடுத்துச் செல்லும் பைக்கு 7 கிலோ. இது இயற்கை விதியல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இலவச எடை 20 கிலோவாக இருந்தது. 2013-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., இருக்கைத் தேர்வு, சாப்பாடு, லக்கேஜ் போன்றவற்றை டிக்கெட்டிலிருந்து பிரித்துத் தனித்தனியாக விலை வைக்க அனுமதித்தது. அதையொட்டித் தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக 15-க்கு இறங்கின. புகார்கள் குவிந்ததும் அதே இயக்குநரகம் 2016-இல் ஒரு கடிவாளம் போட்டது: 15 கிலோவைத் தாண்டி 20 கிலோ வரை உள்ள எடைக்கு, கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, ஜூலை 1 முதல் அமல். விமான நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2017 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், கட்டணத்தை நிர்ணயிப்பது இயக்குநரகத்தின் அதிகாரத்தில் வராது என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. அதன் பிறகு 100 ரூபாய் திரும்பி வரவில்லை. இப்போது விமான நிலையக் கவுண்ட்டரில் கூடுதல் கிலோவுக்கு 500, 600 ரூபாய் என்பதெல்லாம் சாதாரணம். தாராளத்துக்குப் பெயர் போன ஏர் இந்தியாவும் 25 கிலோவிலிருந்து 20-க்கும், 2024 மே மாதம் குறைந்த விலை டிக்கெட்டுகளுக்கு 15-க்கும் வந்து சேர்ந்தது. அதனால் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இருவருக்கு 15, 25 என்று வெவ்வேறு அளவு இருக்கலாம்.

பதினாறாவது கிலோவை விமானத்தில் ஏற்றுவதற்கு நிறுவனத்துக்கு உண்மையில் என்ன செலவு? விமானம் சுமக்கும் ஒவ்வொரு கூடுதல் கிலோவும், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், தன் எடையில் ஏறத்தாழ 3 சதவீத அளவு எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும் என்பது விமானத் துறையில் புழங்கும் பொதுவான கணக்கு. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் நேரம் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு கிலோ கூடுதல் எடைக்கு 80, 90 கிராம் எரிபொருள். விமான எரிபொருள் தண்ணீரைவிட இலேசானது. லிட்டர் 800 கிராம்தான் இருக்கும். எனவே ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. விலை ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டாலும் பத்து ரூபாய் சுமாருக்கு மேல் போகாது. நான்கு மணி நேர துபாய்ப் பயணத்துக்கு இதைப் பதினைந்து, இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய்ச் செலவுக்கு அறுநூறு ரூபாய் விலை. எடைதான் நிறுவனத்தின் உண்மையான கவலை என்றால், முதலில் தராசில் ஏற வேண்டியது பயணிதான். விமானப் பயணத்தின் தொடக்க காலத்தில் அப்படித்தான் ஆளையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்தார்கள். 2013-இல் பசிபிக் தீவு நாடான சமோவாவின் சமோவா ஏர் நிறுவனம் ஆளும் மூட்டையும் சேர்ந்த எடைக்கே டிக்கெட் விலை வைத்து உலகச் செய்தியானது. கேலி செய்தவர்கள் பலர். ஆனால் எடைக்குத்தான் காசு என்று சொல்லி அந்தச் சொல்லுக்கு உண்மையாக நடந்துகொண்டது அந்தச் சின்ன நிறுவனம்தான். 50 கிலோ எடையுள்ள பெண் 16 கிலோ பெட்டியோடு வந்தால் தண்டம், 95 கிலோ ஆள் 15 கிலோ பெட்டியோடு வந்தால் இலவசம் என்ற ஏற்பாட்டை எடைக் கணக்கு என்று எப்படிச் சொல்வது?

எரிபொருள் மட்டுமா செலவு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெட்டிக்குப் பட்டி ஒட்ட வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும், வண்டியில் ஏற்றி விமானம் வரை கொண்டுபோய் அடுக்க வேண்டும், தொலைந்தால் தேடிக் கொடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இவை எல்லாம் பெட்டிக்கான செலவுகள். அந்தப் பெட்டி 14 கிலோவா 17 கிலோவா என்பதால் இவற்றில் பெரும்பாலானவை மாறுவதில்லை. பளு தூக்கும் ஊழியரின் முதுகு சம்பந்தப்பட்ட வரம்பு வேறு. எந்தப் பெட்டியும் தனியாக 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உலகம் முழுக்க இருக்கும் விதி அதற்காகத்தான். அதில் காசு கொடுத்தும் விலக்கு வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. இன்னும் வலுவான வாதம் ஒன்றும் உண்டு. பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் பெட்டிகளோடு சரக்கும் போகிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் காய்கறி, பழம், பூ எல்லாம் அப்படித்தான் பறக்கின்றன. பயணியின் பெட்டி அடைக்கும் இடத்தில் நிறுவனம் சரக்கு ஏற்றிச் சம்பாதித்திருக்கலாம். சரி, அந்த இழப்பையும் சேர்த்தே வசூலிக்கட்டும். ஆனால் காய்கறிக்கு வாங்கும் சரக்குக் கூலி, பயணியிடம் கவுண்ட்டரில் கேட்கும் தொகையில் சிறு பங்குதான். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் நம்மவர்கள் போர்வையையும் பால் பவுடரையும் கார்கோ கடையில் போட்டு அனுப்பிவிட்டு இலேசாக விமானம் ஏறுவது வேறெதற்கு? அந்த விலை வித்தியாசத்தை அவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்த வாதம் இன்னும் கவர்ச்சியானது. பெட்டியே இல்லாமல் ஒரு நாள் வேலைக்குப் பெங்களூரு போய் வருபவர், முப்பது கிலோ மூட்டையோடு வருபவரின் சுமைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? லக்கேஜைத் தனியாகப் பிரித்தால் இலேசாக வருபவரின் டிக்கெட் மலிவாகும் அல்லவா? கொள்கையளவில் இதை மறுக்க முடியாது. 2021 பிப்ரவரியில் டி.ஜி.சி.ஏ. பெட்டி இல்லாத பயணிக்குச் சலுகை விலையில் டிக்கெட் விற்க அனுமதித்தபோது சொல்லப்பட்ட காரணமும் இதுதான். நடந்தது என்ன என்பதற்கு அமெரிக்காவைப் பார்ப்பது நல்லது. நமக்கு முன்பே அவர்கள் இந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டார்கள். கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கு 15 டாலர் என்று தொடங்கியது. எண்ணெய் விலை அந்த ஆண்டே தரை தட்டியது. கட்டணம் மட்டும் இறங்கவே இல்லை. 2023-இல் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு லக்கேஜ் கட்டணமாக மட்டும் கிடைத்தது 700 கோடி டாலருக்கு மேல். கட்டணம் தொடங்கிய காலத்துத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், டிக்கெட் விலை கொஞ்சம் குறைந்தது உண்மைதான் என்றும், ஆனால் பெட்டிக் கட்டணத்தின் அளவுக்குக் குறையவில்லை என்றும் கண்டார்கள். அதாவது பெட்டியோடு போகிறவர் முன்பைவிட அதிகம் கொடுத்தார். இதற்குள் வரி விஷயம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அங்கே உள்நாட்டு டிக்கெட் விலைக்கு 7.5 சதவீத மத்திய வரி உண்டு, பெட்டிக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. நூறு டாலரை டிக்கெட் என்று வாங்குவதைவிட எழுபதை டிக்கெட்டாகவும் முப்பதைப் பெட்டியாகவும் வாங்குவது நிறுவனத்துக்கு லாபம். பெட்டிக்குக் காசு வாங்க மாட்டோம் என்பதையே பல ஆண்டுகள் விளம்பரமாக்கிய சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே மாதம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது.

தண்டம் என்று நான் சொல்வது மிகை என்று தோன்றினால், அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு தகவலைக் கவனிக்கலாம். ஃபிரான்டியர், ஸ்பிரிட் என்ற இரண்டு மலிவு விலை நிறுவனங்கள், அளவுக்கு மீறிய பைகளைப் பிடித்துக் கட்டணம் வசூலிக்கும் வாசல் ஊழியர்களுக்கு 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 2.6 கோடி டாலர் ஊக்கத்தொகையாகக் கொடுத்திருக்கின்றன. ஐரோப்பாவின் ரயன்ஏர் நிறுவனமும் பிடிக்கும் பை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊழியருக்குக் காசு தருகிறது. 2025-இல் அந்தத் தொகையைக் கூட்டியது. பிடிப்பதற்குச் சன்மானம் கொடுத்தால், பிடிபடுபவர்கள் குறையாமல் இருப்பதில் நிறுவனத்துக்கு அக்கறை வந்துவிடுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஒரு கோடு கிழித்தது: விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம்; நியாயமான அளவும் எடையும் உள்ள கைப்பையோ பயணத்தின் பிரிக்க முடியாத பகுதி, அதற்குக் காசு வாங்கக் கூடாது. எது நியாயமான அளவு என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. 2024-இல் ஸ்பெயின் அரசு ஐந்து விமான நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் விதித்ததும் கைப்பைக் கட்டணத்தையும் அது போன்ற பிற வசூல்களையும் முன்னிட்டே.

அப்படியானால் இந்தத் தண்டம் யார் தலையில் விழுகிறது? மாதம் நான்கு முறை பறப்பவர் தலையில் அல்ல. அவருக்கு நிறுவனங்களின் விதி மனப்பாடம். கிரெடிட் கார்டும் உறுப்பினர் அட்டையும் கூடுதல் எடையை இலவசமாகத் தருகின்றன. தேவைப்பட்டால் முதல் நாளே செல்போனில் ஐந்து கிலோ வாங்கிக்கொள்வார், கவுண்ட்டர் விலையைவிடக் குறைவாக. தண்டம் கட்டுவது முதல் தடவை பறப்பவர், அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பறப்பவர். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் டிராவல்ஸ்காரரோ வேலைக்கு அழைக்கும் கம்பெனியோதான். கையில் கிடைக்கும் தாளில் இலவச எடை ஒரு மூலையில், ஆங்கிலத்தில், சில நேரம் சுருக்கெழுத்தில் இருக்கும். கூடுதல் எடைக்கு என்ன விலை என்று அதில் இருக்காது. அது தெரியவரும் இடம் கவுண்ட்டர். பின்னால் நாற்பது பேர் நிற்க, வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்க, பெட்டியைத் தரையில் கவிழ்த்து எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய இடம். விலையைக் கேட்டு வேண்டாம் என்று திரும்பிப் போகும் வாய்ப்பு அங்கே இல்லை. பேரம் பேச முடியாத கட்டத்தில் மட்டும் விலையைச் சொல்வது எந்தச் சந்தையிலும் நல்ல வழக்கமாக எண்ணப்படுவதில்லை.

ரயிலோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளியும். ரயிலிலும் இலவச அளவு உண்டு: ஸ்லீப்பருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்புக்கு 35, முதல் வகுப்பு ஏ.சி.க்கு 70. அதற்கு மேல் இருந்தால் புறப்படும் முன் லக்கேஜ் அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம்; வழக்கமான சுமைக் கூலியைப் போல ஒன்றரை மடங்கு. சொல்லாமல் ஏறிப் பிடிபட்டால் ஆறு மடங்கு. இங்கேயும் தண்டம் இருக்கிறது, அதுவும் கடுமையாகவே இருக்கிறது. ஆனால் விலை தனி, தண்டம் தனி என்று வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்வந்து சொல்பவரிடம் விலையை மட்டும் வாங்குகிறார்கள், ஒளித்துக் கொண்டுபோகிறவருக்குத்தான் தண்டம். விமான நிலையத்தில் பெட்டியைத் தானாகத் தூக்கித் தராசில் வைப்பவர் எதையும் ஒளிக்கவில்லை. அவரிடமும் தண்டத்தையே வாங்குகிறோம், பெயரை மட்டும் கட்டணம் என்று மாற்றிக்கொண்டு.

இலேசாகக் கட்டிக்கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது பயணப் பக்கங்களில் தவறாமல் கிடைக்கும் யோசனை. மூன்று சட்டை, இரண்டு பேண்ட், துவைத்துப் போட்டுக்கொள்ளலாம், மற்றதை அங்கே வாங்கிக்கொள்ளலாம். சுற்றுலா போகிறவருக்கு இது நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: அங்கே வாங்கிக்கொள்ளப் பையில் காசு வேண்டும். கையில் இருப்பது குறைந்தால் பெட்டியில் இருப்பது கூடும். ஷார்ஜாவில் எட்டுப் பேர் தங்கும் அறைக்குப் போகிறவர் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கருவாடும் கொண்டுபோவது ருசிக்காக மட்டுமல்ல. முதல் சம்பளம் வரும் வரைக்கும் அது சாப்பாட்டுச் செலவு. இன்னொன்று, நம் பெட்டிகளில் பாதி நம்முடையவை அல்ல. போகும்போது அங்கிருக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அவன் அம்மா கொடுத்த முறுக்கு. வரும்போது கோடாலித் தைலம், பேரீச்சை, சென்ட் பாட்டில், மச்சினருக்குப் போன். ஒரு காலத்தில் பெரிய டி.வி.யே பெட்டியோடு பெட்டியாக வந்துகொண்டிருந்தது. 2013 ஆகஸ்டில் அதற்குச் சுங்கச் சலுகையை எடுத்துவிட்ட பிறகுதான் அந்த ஊர்வலம் ஓய்ந்தது. இலேசாகப் போ என்று இவர்களிடம் சொல்வதற்கு, உறவுக்காரர்களிடம் முடியாது என்று சொல் என்று பொருள். அது எளிதான காரியமில்லை. எடை குறைக்கும் யோசனை எழுதுகிறவர்கள் பொதுவாக இந்தப் பக்கம் வருவதேயில்லை.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கூடுதல் கிலோவுக்கு 600 ரூபாய் என்றால், இங்கே கிலோ 300-க்கு வாங்கிய பொடி அங்கே போய் இறங்கும்போது 900 ஆகிவிடுகிறது. போகிற ஊரில் நம் கடைகளிலேயே அதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். இலவச எடைக்குள் அடங்கும் வரை எதையும் கொண்டுபோகலாம், வரம்பைத் தாண்டும்போது விலைக்கு எடை குறைந்த பொருளுக்கே இடம். அந்தக் கணக்கில் பட்டுச் சேலையை எதுவும் வெல்லாது. ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தின் கனத்த ஜரிகைச் சேலையைவிட இலேசானது என்பது அதன் பழைய பெயர். அரைக் கிலோ சுமாருக்கு ஒரு சேலை என்று வைத்தால் ஒரு கிலோவில் பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் அடங்கிவிடும். தூர தேசத்துக்கு இலேசும் விலையும் உள்ள சரக்கே போகும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தெள்ளாற்றுப் போரில் வென்றதால் தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்று பெயர் பெற்ற பல்லவ அரசனுக்கு அவனிநாரணன் என்றொரு பட்டம் உண்டு. தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காக்கும் பொறுப்பிலிருந்த மணிக்கிராமத்து வணிகர்களையும் குறிப்பிடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து போன அந்த வணிகர்கள் கப்பலில் எதற்கு இடம் கொடுப்பது என்று கணக்குப் பார்க்காமலா போயிருப்பார்கள்?

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. முதல் எதிரி பெட்டியே. சக்கரம் வைத்த பெரிய பெட்டி காலியாகவே நான்கு, ஐந்து கிலோ இருக்கும். 15 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். கைப்பெட்டியும் இரண்டரை, மூன்று கிலோ. 7 கிலோவில் மிச்சம் நான்குதான். முதுகில் மாட்டும் துணிப் பை முக்கால் கிலோ. சேலையை அட்டைப் பெட்டியை நீக்கிவிட்டுத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைப்பது எடைக்கும் நல்லது, தொலையாமல் இருக்கவும் நல்லது. வந்தவாசிக் கோரைப்பாய்க்கு வேறு சிக்கல். எடை ஒன்றுமில்லை, நீளம்தான் விதியை மீறும். துபாய் விமான நிலையம் 2017-லிருந்து ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத மூட்டைகளை ஏற்பதில்லை, அதனால் கயிறு கட்டிய உருண்டை மூட்டை அங்கே செல்லாது. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பொருள் என்பதால் விமானத்தில் தடை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024-25 பருவத்தில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் கையில் எடுத்துச் செல்லத் தனி அனுமதி கொடுத்தது. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். வாசலில் கைப்பையைக் கீழே அனுப்பச் சொன்னால் முதலில் அதை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் எடுத்தால் பல நிறுவனங்கள் எடையைச் சேர்த்துக் கணக்கிடுகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியம், புறப்படும் முந்தின நாள் வீட்டிலேயே நிறுத்துவிடுவது. கொக்கித் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, மளிகைக் கடையில் கேட்டாலும் நிறுத்துத் தருவார்கள். கூடுதல் என்று தெரிந்தால் அன்றைக்கே இணையத்தில் எடை வாங்கிவிடலாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், கற்றுக்கொள்ள வேண்டியது பயணிதானே, நிறுவனத்தின் மேல் ஏன் குறை என்று ஒருவர் கேட்கலாம். கவுண்ட்டரிலும் இணையத்திலும் ஒரே விலை என்றால் எல்லாரும் கடைசி நிமிடத்தில் மூட்டையோடு வருவார்கள், விமானம் தாமதமாகும், எடைக் கணக்கு குழம்பும் என்பதும் பொய்யில்லை. முன்கூட்டிச் சொல்பவருக்குச் சலுகை இருக்கட்டும். எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. ரயில்வேயைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்றால் அது ஒழுங்குக்கான விலை. செலவைப் போல ஐம்பது, அறுபது மடங்கு என்றால் அது ஒருவரின் அறியாமையிலிருந்து எடுக்கும் வருமானம். போட்டியே இதைச் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே எடுபடாது. டிக்கெட் விலையை நாம் பத்து நிறுவனங்களில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம், பதினாறாவது கிலோவின் விலையை யாரும் ஒப்பிடுவதில்லை. ஒப்பிடாத விலைக்குப் போட்டி கிடையாது. நிறுவனங்கள் முதல் விலையைக் குறைத்துக் காட்டி மற்றதில் ஈடுகட்டுவதும் அதனால்தான்.

2017 தீர்ப்புக்குப் பிறகு 100 ரூபாய் போன்ற உச்சவரம்புக்குத் திரும்புவது கடினம். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய வாயுயான் அதினியம் இதை எவ்வளவு தூரம் மாற்றும் என்பது விதிகளைப் பொறுத்தது. இலவச எடையைக் குறைத்ததையும் கட்டணங்கள் தாறுமாறாக மாறுவதையும் எதிர்த்த பொதுநல மனு ஒன்றில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடமும் டி.ஜி.சி.ஏ.விடமும் பதில் கேட்டது. ஆனால் விலையை நிர்ணயிக்காமலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கட்டண விவரத்தைப் பயணிகளுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது நிறுவனங்களின் மேல் ஏற்கெனவே இருக்கும் கடமைதான். அதை இணையதளத்தின் ஏழாவது பக்கத்திலிருந்து டிக்கெட்டின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் போதும். இலவசம் இத்தனை கிலோ, முன்கூட்டி வாங்கினால் கிலோ இத்தனை ரூபாய், கவுண்ட்டரில் இத்தனை ரூபாய் என்று மூன்று வரி, பயணி புறப்படும் மாநிலத்தின் மொழியில். டிராவல்ஸ்காரர் அச்சடித்துக் கொடுக்கும் தாளிலும் அது இருக்க வேண்டும். மருந்துப் பட்டையில் அதிகபட்ச விலை அச்சிடச் சொல்லும் நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை. நிறுவனங்களுக்கு இதனால் மைச் செலவு மட்டும்தான். அந்த மூன்று வரிக்கு அவர்கள் எவ்வளவு எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள் என்பதை வைத்தே, இந்த வருமானத்தில் எவ்வளவு பங்கு பயணிக்குத் தெரியாததால் வருகிறது என்று மதிப்பிட்டுவிடலாம்.